எல்லாத்தையும் ஒட்டலாம், முன்னாடி ஆர்மைத் தவிர

போன வாரம் அண்ணா நகர்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு பிக்கப் வண்டியை ஜாக்கியில தூக்கி நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழட்டி, ஆர்மை கிரைண்டரால ரெண்டா வெட்டி, நடுவுல ஒரு துண்டு இரும்பை வெச்சு வெல்டு அடிக்கிறாங்க. கடைசியில வண்டி கம்பீரமா உயரமா நிக்குது. கீழே "கிராமத்து இன்ஜினியர்"னு எழுதி நாலு கைதட்டல் படம். "உங்க வண்டியும் பள்ளத்துல இடிக்குதுன்னு சொன்னீங்களே, இப்படிப் பண்ணிடலாமே?"ன்னு நண்பர் கேட்டிருந்தார்.

அவர் நல்ல மனசோடதான் கேட்டார். ஆனா பதில் அனுப்ப எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஏன்னா நான் அதைப் பண்ணிப் பார்த்தவன். ஆவடியில ஒரு பட்டறை வாசல்ல, கவுத்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல உக்காந்து, என் கண் முன்னாடியே வெட்டி ஒட்ட வெச்சவன். வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில சொல்ற விஷயம் இல்ல இது, அதனால இங்கேயே எழுதிடறேன்.

எங்க ஊர் திருநின்றவூர் தாண்டி உள்ளே. நெல்லு, கத்தரி, வெண்டை, கீரை, கொஞ்சம் மல்லி. பறிச்ச காயை ராத்திரியோட ராத்திரியா கோயம்பேடு கொண்டு போகணும். அதுக்காக செகண்ட்ஹேண்ட்ல ஒரு பிக்கப் வாங்கினேன். குட்டி யானை மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டி இல்ல. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனியா மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், நடுவுல காயில் ஸ்பிரிங் இருக்கிற வண்டி. ரோட்டுல ஓட்ட சுகமா இருக்கும். ஆனா எங்க ஏரிக்கரை வண்டிப்பாதை ரோடு கணக்குல வராது. ஐப்பசி மழை விட்டதும் அதுல டிராக்டர் சக்கரம் போட்ட பள்ளம் முழங்கால் ஆழம் இருக்கும். காஞ்ச பிறகு அது அப்படியே கல்லாயிடும்.

அந்த வருஷம் மழை முடிஞ்சு ஒரு விடியக்காலை, லோடோட வரும்போது முன் சக்கரம் ஒரு கல்லுல ஏறி இறங்கிச்சு. "டொம்"னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. கீழ குனிஞ்சு பார்த்தா இடது லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கு.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டேன். ஆர்ம், புஷ், பால் ஜாயிண்ட், கூலி எல்லாம் சேர்த்தா பன்னிரண்டாயிரம் ஆகும், அதுவும் ஆர்டர் போட்டா வர பத்து நாள் ஆகும்னாங்க. தோட்டத்துல கத்தரிக்காய் பத்து நாள் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காது. வாடகை வண்டி வெச்சா ஒரு நடைக்கு ஆகிற காசு, காய் விக்கிற காசுல பாதி. அப்பதான் ஒருத்தர் ஆவடிப் பட்டறையைக் கை காட்டினார்.

பட்டறைக்காரர் கை சுத்தமான வேலைக்காரர். முதல்லயே சொல்லிடறேன், இது அவரைத் திட்டறதுக்காக எழுதுற பதிவு இல்ல. அவர் குனிஞ்சு பார்த்துட்டு, "அண்ணா, வளைஞ்ச எடத்தை வெட்டி எடுத்துட்டு பிளேட் வெச்சு ஒட்டிடலாம். அப்படியே ஸ்பிரிங் உக்கார்ற கிண்ணத்தையும் ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் ஏத்திடறேன். முன்னாடி தூக்கலா நிக்கும், இனிமே எங்கேயும் இடிக்காது. மொத்தம் ரெண்டாயிரத்து ஐநூறு குடுங்க. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கலாம்"னார். பன்னிரண்டாயிரம் எங்கே, ரெண்டாயிரத்து ஐநூறு எங்கே? நான் யோசிக்கவே இல்ல. "போடுங்க தம்பி"ன்னுட்டேன்.

சாயங்காலம் அவர் இன்னொண்ணும் சொன்னார். கீழ உயரம் ஏறினதால சக்கரம் சாய்ஞ்சு நிக்குது, மேல் ஆர்மையும் வெட்டி அரை இன்ச் நீட்டினாத்தான் நேரா வரும்னு. அதுக்கும் சரின்னேன். அதாவது ஒரு ஆர்ம் வளைஞ்சதுன்னு போன நான், நாலு ஆர்மையும் வெட்டி ஒட்டிக்கிட்டு வந்தேன்.

ஏழு மாசம் ஓடிச்சு. ஒரு குறையும் தெரியல. கூடவே எனக்கு ஒரு பெருமை. டீக்கடையில நிக்கும்போது, "வண்டி என்னப்பா இவ்ளோ உசரமா நிக்குது?"ன்னு யாராவது கேட்டா கதை சொல்லுவேன். முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேய்ஞ்சுக்கிட்டு வந்துச்சு. அது மட்டமான டயர்னு நினைச்சுக்கிட்டேன். பள்ளத்துல இறங்கும்போது ஸ்டியரிங் தானா ஒரு இழுப்பு இழுக்கும். பழகிடுச்சு.

சொர்ணவாரி நடவு முடிஞ்ச மறுநாள், வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டோம். என் அக்கா பையன்தான் வண்டி ஓட்டறவன். சேறெல்லாம் போனதும் கீழ படுத்துப் பார்த்தவன், "மாமா, இங்க வாங்க. ஆர்ம்ல ஏதோ முடி ஒட்டியிருக்கு"ன்னான். துணியால தொடைச்சான். போகல. நகத்தால சுரண்டினான். போகல. அது முடி இல்ல, விரிசல். வெல்டு போட்ட பிளேட்டோட ஓரத்தை ஒட்டி, பழுப்பு நிறத்துல துரு கசிஞ்ச ஒரு கோடு. ஆர்மோட அகலத்துல பாதி தூரத்துக்கு மேல ஓடியிருந்துச்சு.

முந்தின நாள் சாயங்காலம் அதே வண்டியில, பின்னாடி, நடவுக்கு வந்த பதினோரு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு சி.டி.எச். ரோடு வழியா வந்திருக்கோம். சரக்கு வண்டியில ஆளை ஏத்தறதே சட்டப்படி தப்பு. அதையும் ஒத்துக்கறேன். எல்லா ஊர்லயும் நடக்குறதுதானேன்னு நானும் ஏத்தினவன்தான். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அந்தப் பதினோரு பேர்ல என் பெரியம்மா மகளும் ஒருத்தி.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கோபமாத்தான் போனேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அண்ணா, என் சொந்த வண்டிக்கு நான் இதைப் பண்ண மாட்டேன்"னார்.

"அப்போ எனக்கு ஏன் பண்ணீங்க?"

"நீங்க கேட்டீங்க. நான் இல்லேன்னா பக்கத்துக் கடையில போட்டிருப்பீங்க. நானாவது நல்லா போடுவேனேன்னு போட்டேன்."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவர் சொன்னது உண்மை. நான் போட்டிருப்பேன்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்திக் கத்துக்க ஆரம்பிச்சேன். லேத் வெச்சிருக்கிறவங்க, ஆலையில வேலை பார்த்து ஓய்வு பெத்தவங்கன்னு பல பேர்கிட்ட கேட்டேன். புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

முதல்ல ஆர்ம்னா என்ன? நம்ம தோள்பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்கிற கை மாதிரிதான். ஒரு பக்கம் புஷ் வழியா சேஸிஸோட சேர்ந்திருக்கு. இன்னொரு பக்கம் பால் ஜாயிண்ட் வழியா சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. வண்டியோட முன்பாரம் ஸ்பிரிங் வழியா இந்தக் கீழ் ஆர்ம் மேலதான் உக்காருது. பிரேக் அடிச்சா, பின்னாடி இருக்கிற பாரமும் முன்னாடி சாயும். அப்ப ரோடு சக்கரத்தைப் பின்னாடி தள்ளும், அந்தத் தள்ளையும் இதே ஆர்ம்தான் தாங்கணும். திருப்பத்துல பக்கவாட்டுல ஒரு தள்ளு. பள்ளத்துல மேல ஒரு குத்து. இத்தனையும் ஒரே துண்டு இரும்பு தாங்குது.

ஸ்பிரிங் இந்த ஆர்முக்கு ஏறக்குறைய நடுவுல உக்காருது. அதனால அங்க ஒரு இன்ச் ஏத்தினா, சக்கரத்துக்கிட்ட அது கிட்டத்தட்ட ரெண்டு இன்ச்சா தெரியும். ஏத்தம் கட்டின கழி கதைதான். உயரம் மாறினா ஆர்மோட சாய்வு மாறும், சக்கரத்தோட சாய்வு மாறும், பால் ஜாயிண்ட் திரும்புற எல்லை குறையும். ஸ்டியரிங்லேர்ந்து வர டை ராடோ பழைய நீளத்துலயே இருக்கும். ஆர்ம் ஒரு வட்டத்துலயும் டை ராடு இன்னொரு வட்டத்துலயும் போகும்போது, பள்ளத்துல சக்கரம் ஏறி இறங்கினா வண்டி தானா திரும்பப் பார்க்கும். நான் "பழகிடுச்சு"ன்னு சொன்ன இழுப்பு அதுதான். டயர் உள்பக்கமா தேய்ஞ்சதும் அதனாலதான். வண்டி ஏழு மாசமா என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு.

அடுத்தது அந்த விரிசல். கட்டுக்கம்பியை வெட்ட கட்டிங் பிளேயர் இல்லேன்னா என்ன பண்ணுவோம்? இப்படியும் அப்படியும் மடக்குவோம். பத்துத் தடவையில பட்டுனு உடையும். ஒரே இழுப்புல அறுக்க முடியாத கம்பி, மடக்கி மடக்கி உடையுது. இதைத்தான் இரும்போட களைப்புன்னு சொல்றாங்க. ஆர்மும் அப்படித்தான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணுக்குத் தெரியாம மடங்கி நிமிருது. என் கணக்கைப் பாருங்க. வண்டி ஒரு நாளைக்குச் சராசரி 70 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 21,000 கிலோமீட்டர். நம்ம ரோட்டுல பத்து மீட்டருக்கு ஒரு குலுக்கல்னு வெச்சாக்கூட, வருஷத்துக்கு 21 லட்சம் தடவை. கம்பெனிக்காரன் ஆர்மை வடிவமைக்கும்போது இந்த லட்சங்களை மனசுல வெச்சுத்தான் வளைவு, கனம், இரும்போட தரம் எல்லாம் முடிவு பண்றான். நாம குறுக்கே வெட்டி ஒட்டும்போது அந்தக் கணக்கை அழிச்சிடறோம். புதுக் கணக்கு யாரும் போடறதில்ல.

"வெல்டு நல்லா போட்டா இரும்பை விட பலமாச்சே"ன்னு பல பேர் சொல்வாங்க. பாதி உண்மை. விரிசல் பெரும்பாலும் வெல்டுக்கு உள்ளே வரதில்ல. வெல்டு முடிஞ்சு பழைய இரும்பு ஆரம்பிக்கிற ஓரத்துல வரும். என்னோடதும் அங்கதான் வந்துச்சு. அங்க ஒரு சின்னப் படி மாதிரி இருக்கும், பாரம் எல்லாம் அங்க வந்து குவியும். இன்னொரு காரணம் சூடு. நம்ம ஊர்ல கொல்லர் அரிவாள் அடிக்கும்போது பார்த்திருப்பீங்க. பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா இரும்பு கெட்டியாகும், ஆனா அப்படியே விட்டா கல்லுல பட்டதும் உதிரும். அதனால திரும்ப இளஞ்சூடு காட்டி பதம் பண்ணுவாங்க. வெல்டு போடும்போதும் இதேதான் நடக்குது. ஓரத்து இரும்பு உருகுற அளவுக்குப் போய், பக்கத்துல இருக்கிற குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சிக்கிறதால சட்டுனு ஆறுது. கார்பன் கூடுதலா இருக்கிற இரும்புன்னா அந்த எடம் கண்ணாடி மாதிரி ஆயிடும். பதம் பார்க்க அங்க கொல்லர் இல்ல.

மூணாவது காரணம் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஈரம். வெல்டிங் ராடு மேல இருக்கிற பூச்சு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அந்த ஈரத்துல இருக்கிற ஹைட்ரஜன் சூட்டுல இரும்புக்குள்ள போயிடும். வெல்டு போட்ட அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள விரிசல் விடும். அதனாலதான் 7018 மாதிரி ராடை அடுப்புல வெச்சு சூடு பண்ணி, சூடு ஆறாம எடுத்துப் போடணும்னு விதி இருக்கு. என் வண்டிக்கு வேலை நடந்தது மார்கழியில. ராடு பாக்கெட் பிரிச்ச வாக்குல பெஞ்சு மேல கிடந்துச்சு. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாய்ல ராடுக்கு அடுப்பு எங்கேர்ந்து வரும்?

சின்ன வெல்டு என்ன பண்ணிடும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சம்பவம். 1980 மார்ச் 27. நார்வே நாட்டுக்குச் சொந்தமான அலெக்சாண்டர் கீலாந்துங்கிற மிதக்கும் மேடை வட கடல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. எண்ணெய் வேலைக்கு வந்தவங்க தங்குற எடம். புயல் காத்துல அதோட ஒரு கால் பிச்சிக்கிட்டுப் போய், மேடையே கவுந்துடுச்சு. இருந்த 212 பேர்ல 123 பேர் இறந்துட்டாங்க. விசாரணையில என்ன தெரிஞ்சுது? மேடையைத் தாங்குற பெரிய குழாய் ஒண்ணுல, ஒரு ஒலிக்கருவியை மாட்டறதுக்காக ஒரு சின்னப் பிடிப்பை ஒட்டியிருந்தாங்க. அந்த ஒட்டுல போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டுல ஆரம்பிச்ச விரிசல்தான், அலை அடிக்க அடிக்க வளர்ந்து குழாயைச் சுத்தி வந்து அறுத்திருக்கு. மேடையைத் தாங்கறதுக்காகப் போட்ட வெல்டுகூட இல்ல அது. ஏதோ ஒண்ணை மாட்டி வைக்கப் போட்டது. நம்ம ஸ்பிரிங் கிண்ணத்துக்குப் போட்ட ஒட்டை நினைச்சுப் பாருங்க.

அப்போ வெல்டிங்கே கெட்டதா? அதை நான் ஆவடியில நின்னு சொன்னா சிரிப்பாங்க. இராணுவ வண்டிகள் செய்யறதாலதான் அந்த ஊருக்கே ஆவடின்னு பேர் வந்துச்சுன்னு ஆங்கில எழுத்துகளைப் பிரிச்சு ஒரு கதை சொல்வாங்க. அது கதைதான். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961ல. அதுக்கு முன்னாடி 1955லேயே ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்ட ஊர் அது. ஆனா தொழிற்சாலை வந்த பிறகு ஆவடி இரும்பூர் ஆனது உண்மை. 1965ல முதல் விஜயந்தா டாங்கி அங்கேர்ந்து வெளியே வந்துச்சு. அர்ஜுன் டாங்கியை வடிவமைச்ச ஆராய்ச்சி நிலையமும் அங்கதான் இருக்கு. பல டன் எடையுள்ள டாங்கியோட உடம்பே கனமான தகடுகளை வெல்டு பண்ணிச் செஞ்சதுதான். அது மேடு பள்ளத்துல குதிச்சு ஓடுது, ஒட்டு விடறதில்ல.

வித்தியாசம் என்னன்னா, அங்க எந்த இரும்புன்னு தெரியும். அந்த இரும்புக்கு எந்த ராடு, எவ்வளவு சூடுன்னு எழுதி வெச்சிருப்பாங்க. போடறவர் பரீட்சை எழுதித் தேறினவர். போட்ட பிறகு எக்ஸ்ரே மாதிரி சோதனைகளால உள்ளே பார்ப்பாங்க. திருச்சி பெல் நிறுவனத்துல 1975லேர்ந்து வெல்டிங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஒட்டறதுக்கு ஒரு ஆராய்ச்சி நிலையம் வேணும்னா, அது எவ்வளவு பெரிய படிப்புன்னு யோசிச்சுக்குங்க.

அமெரிக்காவுலயும் பிக்கப் ஆர்மை வெட்டறாங்க, நீட்டறாங்க. மெக்சிகோ பாலைவனத்துல 1967லேர்ந்து பாஹா 1000னு ஒரு பந்தயம் நடக்குது. அதுல ஓடற வண்டிகளுக்கு நீள நீளமா ஆர்ம் இருக்கும். நமக்கு வர வீடியோவுக்கெல்லாம் மூலம் அந்த மாதிரி வண்டிகள்தான். ஆனா அவங்க பழைய ஆர்மை வெட்டி ஒட்டறதோட நிக்கறதில்ல. தரமான குழாய்ல புதுசாவே செய்வாங்க, சட்டத்துல இறுக்கிப் பிடிச்சு கோணம் மாறாம ஒட்டுவாங்க. பந்தயம் முடிஞ்சதும் கழட்டி விரிசல் பார்ப்பாங்க. ஓட்டறவர் தலைக்கவசம் போட்டு, இரும்புக் கூண்டுக்குள்ள பெல்ட் மாட்டி உக்காந்திருப்பார். பின்னாடி பதினோரு பொம்பளைங்க இருக்க மாட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரளாவிலேர்ந்து வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும்னு வெச்சிருக்காங்க. அந்தக் கணக்குல என் வண்டிக்கு 20,000 ரூபாய். கவனிங்க, தண்டனை உரிமையாளருக்கு. விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல கேக்கப் போறதும் இதைத்தான்.

இப்ப நகரத்துல இருக்கிற உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, இந்தக் கைதட்டல். கிராமத்தான் எதையாவது வெட்டி ஒட்டினா "என்னா மூளை!"ன்னு பாராட்டறீங்க. சந்தோஷம். ஆனா உங்க காருக்கு இப்படி ஒட்டிக் குடுத்தா குழந்தையை ஏத்திக்கிட்டு மகாபலிபுரம் போவீங்களா? போக மாட்டீங்க. அப்போ உங்களுக்கு வேண்டாத வைத்தியம் எங்களுக்கு மட்டும் எப்படிச் சாமர்த்தியம் ஆகுது? எங்க பசங்க அந்தக் கைதட்டலைப் பார்த்துத்தான் பட்டறைக்குப் போறாங்க.

ரெண்டாவது, இதுக்கு நேர் எதிரா சில பேர், "இவங்களுக்குச் சட்டமும் தெரியாது, பயமும் கிடையாது"ன்னு முடிச்சிடறாங்க. அதுவும் தப்பு. பயம் எங்களுக்கும் உண்டு. பன்னிரண்டாயிரத்துக்கும் ரெண்டாயிரத்து ஐநூறுக்கும் நடுவுல இருக்கிற ஒன்பதாயிரத்து ஐநூறுதான் எங்களை அந்தப் பெயிண்ட் டப்பா மேல உக்கார வைக்குது. பத்து நாள்ங்கிற காத்திருப்பு உக்கார வைக்குது. முழங்கால் பள்ளம் உக்கார வைக்குது. தோட்டத்துல நான் வித்த கத்தரிக்காய்க்கும் நீங்க கடையில குடுத்த விலைக்கும் நடுவுல காணாமப் போன காசு உக்கார வைக்குது.

அதனால "வெட்டாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. 2022 டிசம்பர்ல மத்திய அரசு, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. விவசாயக் கருவிகளும் வாகனங்களும் அதுல அடக்கம். நல்ல ஆரம்பம். ஆனா எனக்கு வேண்டியது இன்னும் சாதாரணமானது. எந்த பார்ட் என்ன விலை, எங்க இருக்கு, எத்தனை நாள்ல வரும்னு வாங்கறவனுக்குத் தெரியணும். உயிரைத் தாங்குற பார்ட், அதாவது ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராடு, பிரேக் சாமான், இதெல்லாம் பழைய மாடல் வண்டிக்கும் ரெண்டு நாள்ல கிடைக்கணும். சரக்கு வண்டி வித்துத்தான் பல கம்பெனிகள் கிராமத்துல காலூன்றியிருக்காங்க. இதை அவங்க செய்யலாம்.

ரெண்டாவது, பட்டறைக்காரங்களுக்குப் படிப்பு. அம்பத்தூர்ல அரசு ஐ.டி.ஐ. இருக்கு. வெல்டர் படிப்பு ஒரு வருஷம். கடை வெச்சுப் பிழைக்கிறவர் ஒரு வருஷம் கடையை மூடிட்டுப் போக முடியாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருக்கிற பட்டறைக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு பத்து வாரம் நடத்தினா போதும். எந்த இரும்பை ஒட்டலாம், எதைத் தொடக் கூடாது, ராடை எப்படிக் காய வைக்கணும், சிவப்புச் சாயம் தெளிச்சு விரிசல் எப்படிப் பார்க்கணும். இந்தச் சாயச் சோதனைக்கு மெஷினே வேண்டாம். சாயத்தை அடிச்சு, தொடைச்சு, வெள்ளைப் பூச்சு தெளிச்சா, விரிசல் இருக்கிற எடத்துல சிவப்புக் கோடு கசிஞ்சு வரும். மூணு டப்பா செலவுதான். என் பட்டறைக்காரர்கிட்ட அது இருந்திருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கலாம்.

அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது? என் வீட்டுல இப்ப ஒரு கேள்வி வெச்சிருக்கேன். எதை ஒட்டறதுக்கு முன்னாடியும், "இது ஓடும்போது உடைஞ்சா என்ன ஆகும்?"னு கேக்கறது. கலப்பைக் கொழு உடைஞ்சா உழவு நிக்கும். கேஜ் வீல் உடைஞ்சா டிராக்டர் சேத்துல நிக்கும். வண்டித் தொட்டி, பின் கதவு, மாட்டுக் கொட்டகை கேட், மோட்டார் ஸ்டாண்டு, இதெல்லாம் உடைஞ்சா வேலைதான் கெடும். தாராளமா ஒட்டலாம். லோயர் ஆர்ம் 60 கிலோமீட்டர் வேகத்துல உடைஞ்சா சக்கரம் மடிஞ்சு உள்ளே போகும், வண்டி அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டு ஓடும். எதிர்ல யார் வராங்களோ அவங்க விதி. ஸ்டியரிங் சாமானும் பிரேக் சாமானும் இதே கணக்கு. இதை ஒட்டக் கூடாது. பணம் இல்லேன்னா வண்டி நிக்கட்டும்.

நிறுத்தினேன். ரெண்டு கிடா வித்தேன். நாலு ஆர்மும் புதுசா வாங்கிப் போட்டேன். புதுப்பேட்டையில பழைய ஆர்ம் பாதி விலைக்குக் கிடைக்கும்னாங்க. ஆனா அது எந்தப் பள்ளத்துல என்ன அடி வாங்கினதுன்னு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு நாள் வண்டி நின்னுச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரோட வண்டியில பங்கு போட்டுக் காய் அனுப்பினோம். அதுல ஒரு நல்லதும் நடந்துச்சு, இப்பவும் வாரத்துல மூணு நாள் சேர்ந்தே அனுப்பறோம். உயரம் பழைய உயரமே. அதனால லோடைக் குறைச்சுட்டேன், ஏரிக்கரையில ரெண்டு மோசமான பள்ளத்துக்கு நாங்களே கல்லும் கிராவலும் கொட்டினோம். நடவு ஆளுங்களுக்கு ஷேர் ஆட்டோ சொல்லிடறோம். அதுக்கு ஆகிற காசு எனக்கு வலிக்கத்தான் செய்யுது.

விரிசல் விட்ட ஆர்ம் இப்ப மோட்டார் கொட்டகையில ஆணியில தொங்குது. அக்கா பையன் மாசத்துக்கு ஒரு தடவை வண்டிக்குக் கீழ டார்ச் எடுத்துக்கிட்டுப் படுத்துப் பார்க்கிறான். நான் சொல்லி இல்ல, அவனா.

நண்பருக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போறேன். அடுத்த தடவை அப்படி ஒரு வீடியோ உங்களுக்கு வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி, ஆறு மாசம் கழிச்சு அந்த வண்டி எப்படி இருந்துச்சுன்னு யாராவது போட்டிருக்காங்களான்னு பாருங்க. நான் தேடிப் பார்த்தேன். வெல்டு போடற வீடியோ நிறைய இருக்கு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கிற வீடியோ ஒண்ணும் என் கண்ணுல படல.

நவரைக்கு நாத்து விட்டாச்சு. மழை கொஞ்சம் பயமுறுத்துது. அதைப் பத்தி அடுத்ததுல எழுதறேன்.